அப்பாவின் 75-க்கு ஒரு பழைய கௌபாய் படம் சொல்லுங்கள்

நண்பர்களே, வரும் ஞாயிறு அப்பாவுக்கு 75 நிறைகிறது. அன்று வீட்டிலேயே ஒரு பழைய வெஸ்டர்ன் போடலாம் என்றிருக்கிறேன். போன மாதம் 1952-இல் வந்த ‘ஹை நூன்’ பார்த்தோம். கடிகார முள் பன்னிரண்டை நெருங்க நெருங்க, கேரி கூப்பரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, கையிலிருந்த முறுக்கைக் கடிக்கவே மறந்துவிட்டார்! துப்பாக்கியை விட முகம் அதிகம் பேசுகிற, அந்த மாதிரிப் படம்தான் வேண்டும்.

ஜான் வெய்ன் என்றால் அவருக்கு உயிர். ஆனால் ‘ரியோ பிராவோ’ இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது, முதுகு தாங்காது. ஒன்றரை மணி நேரத்துக்குள் எது நல்லது? கறுப்பு வெள்ளை என்றால் ரொம்பச் சந்தோஷம்.

அப்புறம், அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. இடைவேளையில் கொடுக்க, சுண்டல் தவிர வேறு என்ன செய்யலாம்?