அப்பாவின் கொலஸ்ட்ரால்: ஜனவரியில் 4.2, இப்போது 5.9. மெஷின் கெட்டுவிட்டதா?

முத்தியால்பேட்டை மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்னும் எங்கள் வீட்டைச் 'சொல்தா வீடு' (பிரெஞ்சில் சிப்பாய்) என்றுதான் சொல்வார்கள். கொலஸ்ட்ராலைக் குறைக்க இரண்டு வருடங்களாக இரவில் அட்டர்வாஸ்டாட்டின் 10 மி.கி. மாத்திரை. பொங்கலுக்குப் பாரிசிலிருந்து வந்த அக்கா, விரலில் குத்திக் கொலஸ்ட்ரால் பார்க்கிற சின்ன மெஷின் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்பா பக்கத்து வீட்டுக்காரர் விரலைக்கூட விட்டுவைக்கவில்லை.

அன்று அப்பாவுக்கு 4.2 வந்தது. "5-க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை" என்று அக்கா சொல்லியிருந்ததால் ஒரே பெருமை. இரண்டு மாதம் கழித்து, போன வாரம் 5.9. மறுநாள் 5.6. நேற்று 6.1. ஞாயிற்றுக்கிழமை இறால் தொக்குதான் காரணம், இல்லையென்றால் மெஷின் கெட்டுவிட்டது என்கிறார். டிசம்பரில் லேபில் எடுத்த சீட்டில் மொத்தக் கொலஸ்ட்ரால் 172, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) 98, எச்டிஎல் (நல்ல கொலஸ்ட்ரால்) 38, ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பு) 180 என்று இருக்கிறது. 172 எங்கே, 4.2 எங்கே? மெஷினில் செருகுகிற ஸ்ட்ரிப்பை வீணாக்கிக்கொண்டிருக்கிறோமா?

பழைய லேப்காரன், திருப்பாதிரிப்புலியூர்:
தங்கச்சி, முப்பது வருடத்துக்கு மேல் சோதனைக் குழாய்களோடு குடும்பம் நடத்தியவன் நான். முதலில் 172-க்கும் 4.2-க்கும் உள்ள சண்டையைத் தீர்த்துவிடுகிறேன். உங்கள் மெஷின் பேசுவது மில்லிமோல், நம் ஊர் லேப் பேசுவது மில்லிகிராம். மெஷின் காட்டுவதை 38.67-ஆல் பெருக்குங்கள். 4.2 என்றால் 162. லேபின் 172-க்கும் அதற்கும் பத்துதான் வித்தியாசம். அது பொருட்டே இல்லை. ஒரே ஆளுக்கு ஒரே லேபில் அடுத்தடுத்த நாள் எடுத்தாலே அவ்வளவு ஏறி இறங்கும். (ட்ரைகிளிசரைடுக்கு இந்தப் பெருக்கல் செல்லாது, அதற்கு 88.57.)

ஆனால் 5.9 என்றால் 228. மூன்று நாளும் 217-க்குக் கீழே வரவில்லை. இதை மெஷினின் தடுமாற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து பெரும்பாலும் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. கடற்காற்றில் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போட்டிருந்தாலோ, தேதி கடந்திருந்தாலோ அது வேறு கதை. பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. அந்த மெஷின் சொல்வது மொத்தம் மட்டும் என்றால், அதை வைத்துப் பெருமைப்பட ஒன்றுமில்லை. டிசம்பர் சீட்டிலேயே எச்டிஎல் 38. ஆண்களுக்கு 40-க்குக் கீழே போனால் குறைவு. நல்லது குறைந்தாலும் மொத்தம் அழகாகத்தான் தெரியும். மொத்தத்தில் எச்டிஎல்லைக் கழித்துப் பாருங்கள், 134 வரும். அந்த எண்ணை 130-க்குக் கீழே வைத்திருப்பது நல்லது. அதற்கு வெறும் வயிறும் தேவையில்லை. உங்கள் சீட்டில் இருக்கும் எல்டிஎல் 98-ஐ யாரும் நேரடியாக அளந்திருக்க மாட்டார்கள். ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 36. 172-இல் 38-ஐயும் 36-ஐயும் கழித்தால் 98. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு உதவாது.

இப்போது ஒரு கேள்வி. அப்பா மாத்திரையை விழுங்குவதை யாராவது கண்ணால் பார்த்தீர்களா? வாங்குவதைக் கேட்கவில்லை.

துறைமுகத்து மருமகள், கடலூர் முதுநகர்:
எதற்கெடுத்தாலும் இறால் தலையிலேயே பழி! இறாலில் கொலஸ்ட்ரால் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரத்தத்தில் எல்டிஎல்லை அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு; அது இறாலில் மிகவும் கொஞ்சம். நம் உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கை உடம்பே தயாரிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தொக்கு ஒரே வாரத்தில் 66 புள்ளி ஏற்றிவிடும் என்றால் எங்கள் தெருவில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டோம். தொக்கோடு பரோட்டா வந்ததா, அதில் டால்டா எவ்வளவு என்று கேளுங்கள் அக்கா. கடையில் எண்ணெய் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிதாகப் போட்டிருப்பதையும் நம்பி ஏமாறாதீர்கள். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் அது இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும்படி கிடையாது, தேங்காய் எண்ணெய் உட்பட. அதனால் தேங்காய் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு இல்லை என்று ஆகிவிடுமா?

முத்தியால்பேட்டை மகள்:
அண்ணா, நீங்கள் கேட்ட கேள்வியால் நேற்று ராத்திரி வீட்டில் போர். அப்பாவின் பழைய தகரப் பெட்டியைத் திறந்தேன். ராணுவச் சட்டைக்கு அடியில் பத்துப் பத்தாக ஆறு அட்டை, ஒன்றுகூடப் பிரிக்காமல். 4.2 வந்த அன்றே நிறுத்திவிட்டாராம். "குணமான பிறகு மருந்து எதற்கு?" என்கிறார். நான் மாதாமாதம் வாங்கிக் கொடுக்க, அவர் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார். கொஞ்சம் மிரட்டியதும், மாத்திரையால் கெண்டைக்கால் வலிக்கிறது, அதுவும் ஒரு காரணம் என்றார்.

பழைய லேப்காரன், திருப்பாதிரிப்புலியூர்:
அப்படியானால் மெஷினுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடலாம். 162 அப்பாவின் எண் அல்ல, மாத்திரையின் எண். அது கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதைக் குறைக்கிறது. கல்லீரல் தன் தேவைக்கு ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்துக்கொள்கிறது. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

கால் வலியை மட்டும் சும்மா விடாதீர்கள். அந்த மாத்திரையால் தசை வலி வருவது உண்டு. அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், அது மருத்துவர் வேலை. ஆனால் இரண்டு மாதமாக மாத்திரையே இல்லை; இன்னும் வலிக்கிறதா? நடக்கும்போது வந்து, நின்றால் விட்டுவிடுகிற வலியா? அப்படியென்றால் கால் ரத்தக் குழாய் சுருங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கொலஸ்ட்ராலைவிட அதை முதலில் சொல்லுங்கள். லேபில் ரத்தம் கொடுக்கும் அன்று காலையிலேயே மெஷினிலும் ஒரு முறை பாருங்கள். அது எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

முத்தியால்பேட்டை மகள்:
இன்று மாலை கடற்கரைச் சாலையில் கூடவே நடந்து பார்த்தேன். காந்தி சிலையிலிருந்து டூப்ளே சிலைக்குப் போவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வலி போய்விடுகிறது. "கடலைப் பார்க்க உட்கார்ந்தேன்" என்கிறார். நாளைக் காலையிலேயே மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். ஆறு அட்டையும் பையில் இருக்கிறது.