பித்தநாளப் புற்றுநோய் கூடுகிறதாமே, எமரால்டு கெண்டை சாப்பிடலாமா?

கோத்தகிரிக்காரன்: தாய்லாந்தில் மீனால் பித்தநாளப் புற்றுநோய் வருகிறது, உலகம் முழுக்கக் கூடிக்கொண்டே போகிறது என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. நம்ம நீலகிரியில் எமரால்டு ஏரிக் கெண்டை, அவலாஞ்சி டிரவுட் மீன் வாங்குவோர் பயப்படவேண்டுமா?

நுண்ணோக்கி: மீன் மேல் பழி போடாதீங்க, பச்சையாகத் தின்பதில்தான் சிக்கல். பித்தநாளம் என்பது கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் குழாய். வடகிழக்குத் தாய்லாந்தில் அதில் வரும் புற்று ஆண்டுக்கு 1 லட்சம் பேரில் 85 வரை பதிவாகியிருக்கிறது. மேலை நாடுகளில் பெரும்பாலும் 3-ஐத் தாண்டாது. அங்கே ஆற்றுக் கெண்டை இனங்களைப் பச்சையாகவும், சில நாளே உப்பில் ஊறவைத்தும் உண்பார்கள். மீன் சதையில் இருக்கும் ஒபிஸ்தார்க்கிஸ் தட்டைப்புழுவின் இளம்புழு பித்தநாளத்தில் குடியேறி, ஆண்டுக்கணக்கில் அழற்சியை உண்டாக்குகிறது. 1994-லேயே இது உறுதியான புற்றுக்காரணி என்று அறிவிக்கப்பட்டது. பிரசிகுவான்டெல் மாத்திரை புழுவைக் கொல்லும். ஆனால் மறுபடி பச்சை மீன் தின்றால் மறுபடி தொற்றும். தொற்றுக்கும் புற்றுக்கும் நடுவே பல பத்தாண்டுகள் ஓடுவதால், இன்று தொற்று குறைந்தாலும் புற்றுக் கணக்கு உடனே இறங்காது.

நம்ம ஊரில் மீன் குழம்பில் கொதிக்கிறது, இல்லை எண்ணெயில் பொரிகிறது. நடுமுள் வரை வெந்தால் இளம்புழு பிழைக்காது. பச்சையாகத்தான் வேண்டும் என்பவர் மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைக்கணும். வீட்டு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் அந்தக் குளிரை எட்டும் என்று நம்பாதீங்க.

பதிவேட்டுப்புள்ளி: "கூடுகிறது" என்பதையும் பிரித்துப் பாருங்க. பல மேலை நாடுகளில் ஏறியது கல்லீரலுக்கு உள்ளே வரும் வகை; வெளியே வருவது பெரும்பாலும் நிலையாக இருந்தது, சில இடங்களில் இறங்கியது. ஏற்றத்தில் ஒரு பங்கு, பதிவேட்டில் நோய்க்குக் குறியீடு போடுவதில் வந்த குழப்பம். கல்லீரல் வாசலில் வரும் க்ளாட்ஸ்கின் கட்டி உண்மையில் வெளிவகை. உலகப் பதிவேடுகள் பயன்படுத்தும் புற்றுநோய்க் குறியீட்டின் (ஐசிடி-ஓ) 2-ஆம் பதிப்பு அதை உள்வகையில் சேர்த்துவிட்டது. முன்பு "மூலம் தெரியாத புற்று" என்று எழுதப்பட்டவையும் ஸ்கேன், திசுப் பரிசோதனை மேம்பட்டதும் உள்வகைக் கணக்குக்கு வந்தன. இதையெல்லாம் கழித்தாலும் ஏற்றம் முழுசாக மறைவதில்லை. கல்லீரல் சுருக்கம், ஹெபடைடிஸ் பி, சி, சர்க்கரை நோய், உடற்பருமன் எல்லாம் ஆபத்துக் காரணிகள்.

கங்கைச் சமவெளியில் அதிகம் என்று பேசப்படுவது பித்தப்பைப் புற்றுநோய், அது வேறு. உலக நோய்க் குறியீட்டுப் பட்டியலான ஐசிடி-10-இல் அது சி23. பித்தநாளம் உள்ளே சி22.1, வெளியே சி24.0. ஃபார்வர்டு எழுதுகிறவர்கள் மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிவிடுகிறார்கள்.

கோத்தகிரிக்காரன்: அப்போ இங்கே எதைக் கவனிக்கணும்?

நுண்ணோக்கி: காமாலையோடு மலம் வெளுத்து, சிறுநீர் அடர்நிறமாகி, உடம்பு அரித்தால் அது பித்தநாள அடைப்பாக இருக்கலாம். கீழாநெல்லி குடித்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டாம், அல்ட்ராசவுண்ட் எடுங்க. நாளம் விரிந்திருந்தால், ஸ்டென்ட் (அடைப்பைத் திறக்கும் சிறு குழாய்) வைப்பதற்கு *முன்பே* எம்ஆர்சிபி (பித்தநாளத்தைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) எடுக்கச் சொல்லிக் கேளுங்க. வைத்தபின் நாளம் சுருங்கி, கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியாது. புற்றின் அறிகுறி தேடும் சிஏ 19-9 ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. வெறும் கல்லடைப்பிலும் அது எகிறும்.