அம்மிச்சியின் மறதிக்கு மின்தூண்டல்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க

வணக்கமுங்க, நான் கோபி பக்கம். எங்க அம்மிச்சிக்கு 74 வயது. மஞ்சள் விற்ற கணக்கையெல்லாம் நோட்டு இல்லாமல் வாயிலேயே சொன்னவர். போன வாரம் அரிசிம்பருப்புக்கு இரண்டாம் தடவை உப்பைப் போட்டுவிட்டு, கரண்டியும் கையுமாக அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மனசே ஆறவில்லை.

தலையில் மெல்லிய மின்சாரம் செலுத்தி ஞாபகத்தைக் கூட்டலாம் என்று மாமா சொன்னார். தேடிப் படித்தேன். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2022-இல் வெளிவந்திருக்கிறது. 65 முதல் 88 வயதுள்ள 150 பேருக்குத் தினம் 20 நிமிடம், நான்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். ஒப்பிக்கச் சொன்ன வார்த்தைகள் கூடுதலாக நினைவில் நின்றன, பலன் ஒரு மாதம் கழித்தும் இருந்தது. நாம் சொல்லும் ஷாக் ட்ரீட்மெண்ட் வேறு, இது சில மில்லியாம்ப் அளவுதான். ஆனால் அவர்கள் மறதி நோய் இல்லாதவர்கள். அதுதான் என்னை உறுத்துகிறது.

இதற்குள் ஒருவர், வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் கருவி தருகிறேன் என்கிறார். நெற்றியில் எங்கே வைத்தாலும் சரியாம்! அந்த ஆய்விலோ மூளையின் ஓர் இடத்துக்கு உரிய மின் அதிர்வெண்ணை வேறு இடத்துக்கு மாற்றிக் கொடுத்தபோது பலனே இல்லை. அவரிடம் வாங்க மாட்டேன்.

கோவை, ஈரோடு, சேலத்தில் நரம்பியல் டாக்டர் மேற்பார்வையில் யாருக்காவது இதைக் கொடுத்திருக்கிறார்களா? எத்தனை நாள் போனீங்க, தலைவலி, அரிப்பு இருந்ததா? பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் காட்டியவர்கள் இருந்தாலும் சொல்லுங்க. மறதிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க, வைட்டமின் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனைக்கு நாளைக்கே கூட்டிப் போகிறேன்.