ஜிப்ஸியில் எஸ்டீம் இன்ஜின்: பெல் ஹவுசிங் அடியில் ஆயில். கியர்பாக்ஸை இறக்கணுமா?

நாலுசக்கரம்:
பழைய கார்புரேட்டர் மாருதி ஜிப்ஸி ஜீப்பில் மாருதி எஸ்டீம் காரோட ஜி13பிபி இன்ஜினை வீட்டிலேயே ஏற்றியாச்சு. சம்பும் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தகரத் தொட்டி) அதுக்குள்ள இருக்கிற ஸ்ட்ரெய்னர் சல்லடையும் ஜிப்ஸியோடது. 200 கி.மீ. ஓடினதும் பெல் ஹவுசிங் (இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச் உட்காரும் கூடு) அடியில் ஆயில் சொட்டுது, ராத்திரி நிறுத்தினா காலையில் உள்ளங்கை அளவு கறை. சம்ப் விளிம்பும் ஈரம். பின் கிராங்க் சீல் (கிராங்க் தண்டோட பின்முனையில் ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வளையம்) புதுசுதான். எங்கே ஆரம்பிக்கலாம்?

சீல்செல்வம்:
பெல் ஹவுசிங்கில் சொட்டினா கிராங்க் சீல்தான் தம்பி, யோசிக்கவே வேண்டாம். ஜிப்ஸியில் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியா தொங்குது. அதையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற நடு ஷாஃப்ட்டைக் கழட்டிட்டா கியர்பாக்ஸ் மட்டும் வந்துடும், அரை நாள் வேலை. சீல் புதுசுன்னு சொல்றதில் அர்த்தமில்லை. சீல் உதடு உரசுற இடத்தில் கிராங்க்கில் பள்ளம் விழுந்திருந்தா எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். நகத்தை வைத்துப் பாருங்க, தட்டுப்பட்டா சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வையுங்க. சாய்ஞ்சு உட்கார்ந்தாலும் இதே கதைதான். சுத்தியலால் ஒரு பக்கமா தட்டாம, சீல் அளவுக்குக் குழாய்த் துண்டு வைத்து இறக்கணும்.

ஓரிங்:
செல்வம் அண்ணே, பள்ளம் பற்றிச் சொன்னது சரி. ஆனா அது கடைசியா பார்க்க வேண்டியது. எஸ்டீமில் இன்ஜின் குறுக்கே படுத்திருக்கும், ஜிப்ஸியில் நெடுக்கே. அதனால் டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் ஹெட்டோட பின்முனை இப்போ டேஷ் சுவரை ஒட்டி, பெல் ஹவுசிங்குக்கு நேர் மேலே வந்துடுச்சு. அங்கே இருக்கிற ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இறுகிப்போனா ஆயில் பிளாக் முதுகில் வழிஞ்சு பெல் ஹவுசிங் வழியாத்தான் சொட்டும். பார்க்கிறவங்க கிராங்க் சீல்னுதான் சொல்வாங்க. ஹெட் கவர் கேஸ்கெட்டோட பின் மூலையும் அப்படித்தான்.

முதலில் சொட்டை விரலில் தொட்டு மோந்து பாருங்க. கந்தக நாற்றம் அடிச்சா அது கியர் ஆயில், இன்ஜினுக்குச் சம்பந்தமே இல்லை. இல்லேன்னா பின்பக்கம் முழுக்க டீசலும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவி, காய வைத்து, டால்கம் பவுடர் தூவுங்க. ஐடிலில் 10 நிமிஷம் விட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க, பிறகு 15 கி.மீ. ஓட்டிப் பாருங்க. மேலிருந்து கோடு இறங்கியிருந்தா சின்னச் செலவுதான்.

சீல்செல்வம்:
பவுடர் எல்லாம் நின்ன வண்டிக்குத்தான். ஓடும்போது ஃபேன் காத்து ஆயிலை எங்கே வேணா இழுத்துட்டுப் போகும். ஓ-ரிங் புதுசு போடறதை நான் வேண்டாம்னு சொல்லலை. சம்புக்கு என்ன சொல்றீங்க? சுத்தி அனபாண்ட் சீலன்ட் பசையை நல்லா தாராளமா பூசி, போல்ட்டை இறுக்கிவிட்டா அந்த ஈரம் நிற்கும்.

ஓரிங்:
அங்கேதான் ஒத்துக்க முடியலை. 'தாராளமா' பூசினா வெளியே பிதுங்கின அளவு உள்ளேயும் பிதுங்கும். அது பிஞ்சு ஸ்ட்ரெய்னரில் அடைச்சா பேரிங் போயிடும். 3 மில்லிமீட்டர் கோடு, போல்ட் துளைக்கு உட்பக்கமா, எங்கேயும் அறுபடாம. தோல் கட்டறதுக்குள்ள மாட்டிடணும், 24 மணி நேரம் கழிச்சுத்தான் ஆயில்.

அப்புறம் 'இறுக்கிவிட்டா'ங்கிறதுதான் பாதி கசிவுக்குக் காரணம். சம்ப் வெறும் தகரம். எம்6 போல்ட்டுக்கு 11 நியூட்டன் மீட்டர் போதும், நடுவிலிருந்து வெளிப்பக்கமா. அதுக்கு மேல போனா துளையைச் சுத்தி தகரம் குழிஞ்சு, போல்ட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் வாய் திறக்கும். குழிஞ்சதைக் கட்டை மேல வைத்துத் தட்டி நேராக்காம என்ன பூசியும் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று: முன்னாடி ஆயில் பம்ப், பின்னாடி சீல் ஹவுசிங், இரண்டோட கேஸ்கெட்டும் பிளாக் அடிமட்டத்தில் துருத்திட்டு நிற்கும். அதை பிளேடால் சமமா வெட்டிட்டு, அந்த நாலு மூலையில் மட்டும் ஒரு பொட்டு சேர்த்து வையுங்க. சம்ப் அடிக்கடி ஒழுகுறது அங்கேதான்.

புகைபோக்கி:
இரண்டு பேரும் இன்ஜின் உள்காத்து வெளியேறுற பிரீதரை மறந்துட்டீங்க. இன்ஜின் மாற்றும்போது ஹோஸ் பொருந்தலைன்னு பிசிவி வாயை (அந்தக் காத்து போற வால்வ்) ரப்பர் மூடி போட்டு அடைக்கிற வழக்கம் இருக்கு. பிஸ்டன் ரிங்கைத் தாண்டி வரும் காத்து போக வழியில்லாம சீல் உதட்டைத்தான் தள்ளும். ஐடிலில் ஆயில் மூடியைக் கழட்டி வாய் மேல பாலித்தீன் தாளை வையுங்க. லேசா உள்ளே இழுத்தா சரி, துள்ளினா ஒண்ணு பிரீதர் அடைப்பு, இல்லேன்னா ரிங் தேய்மானம்.

ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக் எதோடது? சம்ப் ஜிப்ஸி, டிப் ஸ்டிக்கும் குழாயும் எஸ்டீம்னா அளவு பொய் சொல்லும். அதிகம் ஊற்றினா கிராங்க் அடிச்சு நுரைக்கும், எல்லா இடுக்கிலும் கசியும். முழுசா வடிச்சு, ஜிப்ஸி கையேட்டு அளவை அளந்து ஊற்றி, புதுசா கோடு கீறுங்க.

சீல்செல்வம்:
சரி, டிப் ஸ்டிக் நியாயமான கேள்வி. பிரீதரும் அப்படித்தான். ஆனா மேலே எல்லாம் காய்ஞ்சிருந்து, பெல் ஹவுசிங் அடித்துளையில் மட்டும் சொட்டினா கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகணும். கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டா அதுவும் செலவு.

ஓரிங்:
அப்படி இருந்தா நானும் இறக்குவேன் அண்ணே.

நாலுசக்கரம்:
டிப் ஸ்டிக் எஸ்டீமோடதுதான்! ஆயில் பிரஷர் சுவிட்ச் இடத்தில் மீட்டர் அடாப்டர் போட்டிருக்கு, அங்கேயும் லேசா ஈரம். டெஃப்லான் டேப் சுத்தலாமா?

புகைபோக்கி:
வேண்டாம். நூல் பிரிஞ்சு ஆயில் வழியில் போகும். அடாப்டர் 1/8 என்பிடியான்னு (அமெரிக்கக் குழாய் மரை) பாருங்க. அதில் அங்குலத்துக்கு 27 மரை, சுசுகி பிளாக்கில் 28. இரண்டு சுற்று ஏறும், பிறகு கடிக்கும், இறுக்கினா பிளாக்கில் விரிசல் விழும். 1/8 பிஎஸ்பிடி (பிரிட்டிஷ் குழாய் மரை) அடாப்டர் வாங்கி, திரவ சீலன்ட் ஒரு சொட்டு.

வேலை முடியறதுக்குள்ள எர்த் பட்டையையும் பாருங்க. இன்ஜின் ரப்பர் மவுன்ட் மேல உட்கார்ந்திருக்கு. பிளாக்கிலிருந்து பாடிக்குத் தடிமனான பட்டை இல்லேன்னா ஸ்டார்ட்டர் கரன்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியா திரும்பும், கேபிள் சூடாகி ஒட்டிக்கும். வயரிங்கை எக்ஸாஸ்ட் பக்கம் தொங்க விடாம, பாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கொஞ்சம் தளர்வு விட்டுக் கிளிப் போடுங்க.

சீல்செல்வம்:
ஆர்.சி.யில் புது இன்ஜின் நம்பர் ஏறிடுச்சா? அது இல்லாம எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) போகாதீங்க.

நாலுசக்கரம்:
ஆர்.டி.ஓ. ஆபீஸில் விண்ணப்பம் கொடுத்தாச்சு. நாளைக்கு ஆயிலை வடிச்சு அளந்துட்டு, பவுடரோட ஆரம்பிக்கிறேன். கியர்பாக்ஸ் ஸ்டாண்டையும் இரவல் சொல்லி வைக்கிறேன், செல்வம் அண்ணே.