மணநாளில் கொண்டையா, விரித்த சுருள் முடியா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். இரண்டு மாதங்களில் எனக்குத் திருமணம். என் முடி தோளுக்குச் சற்றுக் கீழே வரை இருக்கிறது. மென்மையானது, அடர்த்தியும் குறைவு. சுருளாக விரித்துவிட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் காலையில் செய்யும் அலங்காரம் இரவு வரை நிற்க வேண்டும். தலையில் கனமான அணிகலனும் உண்டு. வீட்டில் எல்லோரும் கொண்டைதான் பொருத்தம் என்கிறார்கள். எதை வைத்து முடிவெடுப்பது?

முதல் பதில்:
மணப்பெண் அலங்காரத் தொழிலில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். படத்தில் பார்த்த அழகை வைத்து அல்ல, உங்கள் முடி எத்தனை மணி நேரம் எதைத் தாங்கும் என்பதை வைத்தே முடிவெடுங்கள். முடிக்குள் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டில் தளர்ந்து, ஆறும்போது புதிய வடிவில் இறுகுவதால்தான் சூட்டுக் கருவியில் போட்ட சுருள் நிற்கிறது. வியர்வையோ ஈரக்காற்றோ பட்டால் அதே பிணைப்புகள் விட்டுப்போகும். ஒவ்வொரு சுருளையும் ஆறும் வரை கிளிப்பில் சுற்றி வைத்தாலும், மென்மையான முடியில் இரவு வரை நிற்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கனமான அணிகலனுக்கு அடியில் பிடிமானமும் வேண்டும். தலையோடு ஒட்டிய சிறு பின்னல் ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஹேர்பின்களை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் செருகினால் அணிகலன் நழுவாது. பின்னின் நெளிந்த பக்கம் தலையைத் தொட வேண்டும்; பலர் இதை மாற்றிச் செருகிவிட்டுப் பின் நிற்கவில்லை என்று வருந்துகிறார்கள்.

இரண்டாவது பதில்:
மேலே சொன்னது சரியே, ஆனாலும் ஆசையை முழுவதும் விட வேண்டாம், தோழி. சடங்கு நேரத்தில் தாழ்ந்த கொண்டை போட்டுக்கொண்டு, அணிகலனைக் கழற்றிய பிறகு விருந்துக்கு முடியின் கீழ்ப்பாதியை மட்டும் விரித்துச் சுருளாக்கிக்கொள்ளலாம். ஒத்திகை பார்க்கும்போது மணநாளில் அணியும் கழுத்து வடிவத்திலேயே ஓர் ஆடையை அணிந்து, அணிகலனையும் வைத்துக்கொண்டு, குறைந்தது அரை நாளாவது அப்படியே இருந்து பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் வலி எடுத்தால் முடியை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள்; அதை அன்றே தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது பதில்:
தலைக்குக் குளிப்பதை முந்தைய நாளே முடித்துவிடுங்கள், ஏனெனில் அன்றே அலசிய மென்மையான முடி பின்னுக்கு அடங்காமல் வழுக்கும். சாயம் பூசுவதானால் கடைசி வாரத்தில் வேண்டாம். பூசுவதற்கு 48 மணி நேரம் முன்பே கையில் சிறிது தடவி ஒவ்வாமை உண்டா என்று பாருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கொண்டைக்குப் பருமன் சேர்க்கச் சவுரி வைத்தால் கனம் கூடிவிடாதா?

முதல் பதில் எழுதியவர்:
நீளச் சவுரி கனக்கும். உங்களுக்கு அது தேவையில்லை; கொண்டைக்குள் வைக்கும் பஞ்சு வளையமே போதும். உங்கள் முடியின் நிறத்திலேயே வாங்கி, ஒத்திகைக்கும் எடுத்துச் செல்லுங்கள்.