டேம்பிங்: தணிப்பா, தடுப்பா?

அன்புடையீர், வணக்கம்.

தாவர நார்க் கலப்புருப் பொருள்களை (நாரைப் பிசின் போன்றவற்றோடு சேர்த்துச் செய்பவை) பற்றி எழுதும்போது டேம்பிங் (அதிர்வு ஆற்றல் இழந்து அடங்குதல்) என்பதற்கு ‘ஒலித்தடுப்பு’ என்று வழங்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. ஒலியை உட்கவர்தல், ஒலியைக் கடக்கவிடாமல் தடுத்தல், அதிர்வைத் தணித்தல் ஆகிய மூன்றும் வெவ்வேறு பண்புகள். ஒரே பொருளில் ஒன்று மிகுந்தும் மற்றொன்று குறைந்தும் இருக்கும்.

தென்னைநார்ப் பலகையில் இழைகளுக்கிடையே உள்ள துளைகளில் காற்று உராய்ந்து ஒலியாற்றல் வெப்பமாக மாறுவதால், இடைநிலை, உயர் அதிர்வெண்களில் அதன் உட்கவர் எண் (விழும் ஒலியில் உட்கவரப்படும் பங்கு) உயர்ந்திருக்கும். தாழ் அதிர்வெண்களுக்குத் தடிமனைக் கூட்டவோ பின்புறம் காற்றிடைவெளி விடவோ வேண்டும். தடுப்போ பெரும்பாலும் நிறையைப் பொறுத்தது. சுவரின் பரப்பலகு நிறை இருமடங்கானால் கடந்து செல்லும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். அறைக்குள் எதிர்முழக்கத்தைக் குறைக்கும் அதே நார்ப்பலகை, எடை குறைந்தது என்பதால், அடுத்த அறைப் பேச்சை அடைக்காது. (‘ஒலித்தடுப்பு’ என்று விளம்பரப்படுத்தி இதை விற்பவர்களுக்கு இந்தக் குழப்பம் வசதியானதே.)

ஆளிநாரை எப்பாக்சிப் பிசினில் இறுக்கிச் செய்த தகட்டில் துளைகள் ஏறக்குறைய இல்லாமையால் அது ஒலியை அவ்வளவாக உட்கவர்வதில்லை. ஆனால் அதைத் தட்டினால் எழும் அதிர்வு, கார்பன் இழைத் தகட்டில் எழுவதைவிட விரைவில் அடங்கிவிடும். நாரின் செல்லுலோசு நுண்ணிழைகள் எமிசெல்லுலோசும் லிக்னினும் கலந்த மென்மையான பொருளில் பதிந்திருப்பதாலும், தகடு வளையும்போது இழைகள் ஒன்றோடொன்றும் பிசினோடும் சிறிதளவு நழுவி உராய்வதாலும் அதிர்வாற்றல் வெப்பமாகிறது. ஈரம் ஏறினால் இந்த அதிர்வு தணிக்கும் பண்பு பொதுவாகக் கூடும், விறைப்பு குறையும். மிதிவண்டிச் சட்டங்களிலும் டென்னிஸ் மட்டைகளிலும் கார்பன் அடுக்குகளுக்கிடையே ஆளிநார் அடுக்கைச் சேர்ப்பது இதற்காகத்தான்.

ஆகவே ‘அதிர்வுத்தணிப்பு’ என்பதே என் பரிந்துரை. பாடநூல்களின் ‘தடையுறு அலைவு’ நன்கு நிலைத்த வழக்கே. எனினும் அதிலிருந்து ‘அதிர்வுத்தடை’ என்று ஆக்கினால் மீண்டும் தடுப்பின் பொருளே தோன்றும். ‘ஒடுக்கம்’ வேதியியலில் ஆக்சிசனேற்றத்தின் எதிர்வினைக்கு உரியதாகிவிட்டது. நாரின் வேதிப் பக்குவத்தையும் பேசும் கட்டுரையில் அது இடறும்.

தணிப்பை அளக்கும் லாஸ் ஃபேக்டர் (ஒரு சுற்று அதிர்வில் இழக்கும் ஆற்றலின் பங்கைக் காட்டுவது), டேம்பிங் ரேஷியோ (அலைவே எழாதபடி செய்யும் குறைந்தபட்சத் தணிப்போடு ஒப்பிட்ட அளவு) இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் தேவை. தணிப்பு சிறிதாக உள்ளபோது, ஒத்ததிர்வில் (பொருளின் இயல்பு அதிர்வெண்ணில்) முன்னது பின்னதைப்போல் இருமடங்கு. பெயர் மாறினால் மதிப்பும் இருமடங்கு பிழைபடும். முன்னதை ‘இழப்பெண்’ என்றும் பின்னதைத் ‘தணிப்பு விகிதம்’ என்றும் கொள்ளலாம். ‘இழப்புக் குணகம்’ வேண்டாம். அது லாஸ் மாடுலஸுக்கு (பொருள் உருமாறும்போது வெப்பமாக இழக்கும் ஆற்றலைக் காட்டும் குணகம்) வேண்டியிருக்கும்.

நாரின் நடுவே நீளவாட்டில் ஓடும் லூமன் என்ற வெற்றிடத்திற்கு ‘உட்புழை’ எனலாமா என்பதைத் தாவரவியல் அறிந்தோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.