மதுரையில் தண்ணீர் ஓரமாக, சமதளமாக நடக்க எங்கே போகலாம்?

கோவை மருமகள்:
வணக்கம். கோவையிலிருந்து மதுரை அண்ணாநகருக்குக் குடிவந்திருக்கிறோம். என் அத்தைக்கு வலது முழங்காலில் தேய்மானம். மேடு பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். ஊரில் வாலாங்குளம், உக்கடம் பெரியகுளம் கரைகளில் நடந்து பழகியவர். இங்கே மொட்டை மாடியில் சுற்றச் சொன்னால் பத்து நிமிடத்தில் இறங்கி வந்துவிடுகிறார். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நடந்தால் கால் வலி தெரியாது என்கிறார். வாய்க்கால் கரையோ கண்மாய்க் கரையோ மரநிழலோ எதுவானாலும் சரி. படி ஏறக் கூடாது, வண்டிகளுக்கு ஒதுங்கிக்கொண்டே இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கார் இருக்கும், கொஞ்சம் தூரமும் போகலாம்.

தெப்பக்குளத்துத் தம்பி:
அக்கா, அண்ணாநகரில் இருந்துகொண்டு யோசிக்கவே வேண்டாம். ஆற்றைத் தாண்டினால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். ஒரு பக்கம் ஏறக்குறைய 1,000 அடி, சதுரமான குளம். சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் ஒன்றேகால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறையும். அம்மாவுக்கு இரண்டு மூன்று சுற்று போதும். நான் சின்னப் பையனாக இருந்தபோது உள்ளே கிரிக்கெட் விளையாடுவோம், அந்த அளவுக்கு வறண்டு கிடந்தது. இப்போது பனையூர் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வருகிறது, மைய மண்டபம் தண்ணீருக்கு நடுவில் நிற்கிறது. காலையில் வாருங்கள். சாயங்காலம் தின்பண்டக் கடைகளும் வண்டிகளும் சேர்ந்துவிடும்.

மடைக்கரை:
உங்கள் அத்தை சொன்னது அனுபவப் பேச்சு. நான் பெரியாறு பிரதான கால்வாயில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவன். ஷட்டரை ஏற்றி இறக்குவது, மடை மடையாகப் பார்ப்பது, கரையில் எலி வளை, நண்டு வளை விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே போவது இதெல்லாம்தான் வேலை. நடைதான் பிழைப்பு. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மதுரையில் தண்ணீர் ஓரமாக நடக்க வேண்டுமென்றால் இடம் பார்ப்பதற்கு முன்னால் மாதம் பார்க்க வேண்டும். வைகை எப்போதும் ஓடுகிற ஆறு இல்லை. நம் கால்வாய்கள் அணை திறந்தால் ஓடும், அடைத்தால் நிற்கும். இது தெரியாமல் சித்திரை வெயிலில் கரைக்குப் போய்விட்டு, "மதுரையில் என்ன இருக்கிறது, வெறும் மண்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்காது.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான் சொல்வது கள்ளந்திரி. அழகர்கோவில் ரோட்டில் அப்பன்திருப்பதி தாண்டிப் போனால் பெரியாறு பிரதான கால்வாய் குறுக்கே வரும். தேக்கடிக் காட்டில் பெய்த மழை அது. மேற்கே கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரை, 1895இல் பென்னிகுயிக் முடித்துக் கொடுத்த அணை தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறக்குகிறது. வைகை அணைக்கு வந்து, பேரணையில் பிரிந்து, கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர் இருபோகத்துக்குப் பாய்ந்து, அப்புறம் மேலூர்ப் பக்கம் ஒருபோகத்துக்குப் போகிறது. அணையில் இருப்பு இருந்தால் ஜூன் வாக்கில் இருபோகத்துக்குத் திறப்பார்கள். விநாடிக்கு 900 கன அடி விட்டார்கள் என்றால் கால்வாய் பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். நாற்று நட்ட வாசனை, கொக்கு, வயலுக்குப் போகிற ஆட்கள் என்று பார்த்துக்கொண்டே போகலாம். கரை மேல் ஜீப் போவதற்கான மண்பாதை இருக்கிறது, ஏற்ற இறக்கம் கிடையாது. தண்ணீர் வாட்டத்துக்கு வெட்டிய கால்வாய் அல்லவா, கரையும் அதே வாட்டம்தான். முழங்கால் வலிக்காரருக்கு இதைவிடச் சமமான பாதை எங்கே கிடைக்கும்?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கால் நனைக்கலாம் என்று இறங்கவே கூடாது. சரிவு வழுக்கும். மேலே சாதுவாகத் தெரிகிற தண்ணீர் உள்ளே இழுக்கும். குளிக்க வருகிற கூட்டத்தைப் பார்த்து நாமும் இறங்கலாம் என்று தோன்றும், வேண்டாம். பாதையின் நடுவிலேயே நடக்கச் சொல்லுங்கள். மழை பெய்த மறுநாள் கரை மண் ஒட்டும், அன்றைக்குப் போகாதீர்கள்.

வாரநாளுக்குத் தம்பி சொன்ன தெப்பக்குளம் சரியான இடம். திருமலை நாயக்கர் காலத்தில் வெட்டியது. வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தவர்தான் மீனாட்சியம்மன் கோவிலில் இருக்கிற முக்குறுணி விநாயகர் என்று சொல்வார்கள். நடக்கும்போது அத்தைக்குச் சொல்லுங்கள், ஒரு சுற்று கூடப் போவார். தைப்பூசத் தெப்பத்தன்று மட்டும் கூட்டத்துக்குள் போக வேண்டாம்.

மேற்குப் பக்கம் போனால் மாடக்குளம் கண்மாய். அதற்கும் வைகையிலிருந்து கால்வாய் வருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நிறைந்து கிடக்கும்போது கரையில் நின்று பசுமலையைப் பாருங்கள். ஆனால் கரை எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது, அத்தை கையைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

கிருதுமால் கரையை இந்தப் பட்டியலில் சேர்க்க முடியவில்லையே என்பது என் வருத்தம். பாகவதத்தில் மச்ச அவதாரக் கதையில் சத்தியவிரத மன்னன் கையில் மீன் குஞ்சு வந்து விழுவது இந்த ஆற்றில்தான். ஊருக்கு நடுவில் ஓடுகிற ஆறு, இன்றைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிற சாக்கடை. அதைச் சுத்தம் செய்து கரையில் புங்கை வைத்தால் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய அவசியமே வராது.

வண்டியூர் வாசுகி:
ஐயா சொன்னது எல்லாம் சரி, ஆனால் பெண்களுக்கு வேறு கணக்கும் உண்டு. கால்வாய்க் கரையில் கழிப்பறை கிடையாது. அத்தைக்குச் சர்க்கரை இருந்தால் அதை யோசித்துக்கொள்ளுங்கள். நானும் என் நாத்தனாரும் வண்டியூர் கண்மாய்க்குப் போகிறோம். சிவகங்கை ரோட்டை ஒட்டியது, உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். நடைபாதை போட்டிருக்கிறார்கள், உட்காரவும் இடம் இருக்கிறது. சாத்தையாற்றுத் தண்ணீர் வந்து சேர்கிற கண்மாய் இது. தண்ணீர் இருக்கிற மாதங்களில் நீர்க்காகம், நாமக்கோழி எல்லாம் பார்க்கலாம். விடியற்காலையில் ஆள் நடமாட்டம் வந்த பிறகு போங்கள், நாய்களுக்குப் பயப்பட வேண்டாம். தனியாக அனுப்பாதீர்கள். செருப்பு வேண்டாம், பின்னால் பிடிப்பு உள்ள ஷூ நல்லது.

கோவை மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. அத்தையிடம் வாசித்துக் காட்டினேன், கள்ளந்திரிதான் வேண்டும் என்கிறார். மடைக்கரை ஐயா, திறந்துவிட்டார்கள் என்றால் எந்த நாள் போனாலும் தண்ணீர் ஓடுமா? தண்ணீர் இல்லாத மாதத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்வது?

மடைக்கரை:
நல்ல கேள்வி, இதைக் கேட்காமல் போய் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். வழக்கமாக 120 நாளைக்கு உத்தரவு வரும். முதல் 45 நாள் தொடர்ந்து ஓடும். மீதி 75 நாள் முறை வைத்து விடுவார்கள், சில நாள் ஓடும், சில நாள் அடைப்பு. ஆகவே திறந்த உடனே வருகிற ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிடாதீர்கள். திறப்புச் செய்தி பேப்பரில் மதுரைப் பக்கத்தில் வரும். முறைக்காலத்தில் என்றால் கள்ளந்திரியில் டீக்கடையில் கேட்டால் போதும், எப்போது அடைத்தார்கள், எப்போது விடுவார்கள் என்று அங்கே வருகிற சம்சாரிகள் அத்தனை பேருக்கும் தெரியும்.

தண்ணீர் இல்லாத மாதத்தில் கீழக்குயில்குடிக்குக் கூட்டிப் போங்கள். நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம், சமணர் மலை அடிவாரம். தாமரைக் குளம், கருப்பசாமி கோவில், பெரிய ஆலமரங்கள். மலை ஏறத் தேவையில்லை, மகாவீரர் சிற்பம் இருக்கிற செட்டிப்புடவு குகையை நீங்கள் மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள், அத்தை அடிவாரத்தில் நிழலிலேயே நடக்கட்டும். ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். எட்டரைக்கு மேல் பாறைச் சூடு தாங்காது.